உழவாரம் பிடிக்க வயது உண்டா? உழவாரப்பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவாரப்பணி என்றால் கோயிலைப் பெருக்குவதுதானா?

பெருக்குவது அதில் ஒரு பாதி. உழவாரம் என்பது ஒரு கருவியின் பெயர். நீண்ட மரக்காம்பின் நுனியில் இலை வடிவில் தட்டையான இரும்புத் தகடு. குனியாமல் நின்றபடி தரையோடு தள்ளினால் புல்லையும் முள்ளையும் வேருக்கு மேலாகச் சீவிக்கொண்டு போகும். திருநாவுக்கரசர் படங்களிலும் சிலைகளிலும் தோளில் சாய்ந்திருப்பது இதுதான். கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்களுக்கு முள் தைக்கக் கூடாது என்பதே இந்தப் பணியின் தொடக்கம். இன்று ஒட்டடை அடிப்பது, எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது, வடிகால் தூர்வாருவது, நந்தவனம் பார்ப்பது, விளக்கு துலக்குவது எல்லாமே இந்தப் பெயருக்குள் வந்துவிட்டன. வைணவக் கோயில்களில் இதைக் கைங்கரியம் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்து மாலை கட்டியது அந்த வழியில்தான்.

பணி ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில். "இனி எதற்காக இருக்கிறோம்" என்று தோன்றுகிறது. இது அதற்குப் பதில் ஆகுமா?

"எதற்காக" என்பதற்கு முதலில் விடை கண்டுபிடித்துவிட்டு அப்புறம் வேலையில் இறங்கலாம் என்றால் பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. சைவ மரபு இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் (திருநாவுக்கரசரின் இன்னொரு பெயர்) கடம்பூர்ப் பதிகத்தில் பாடினார். என்னைத் தாங்குவது சிவன் கடன் என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார். நம் பங்கு வேலை மட்டும்தான்.

அவருக்கு இந்த வேலை வாழ்க்கையின் தொடக்கத்தில் வந்ததும் அல்ல. மருள்நீக்கியாராகப் பிறந்து, சமண சமயத்தில் தருமசேனராக உயர்ந்த இடத்தில் இருந்துவிட்டு, சூலை நோயோடு, அதாவது கடும் வயிற்றுவலியோடு, திருவதிகைக்குத் திரும்பியவர். மரபுக் கணக்கில் 81 ஆண்டு வாழ்ந்தார். திருப்புகலூரில் கடைசி நாட்களிலும் கையில் உழவாரம் இருந்தது.

அவருக்கு முன்னால் அக்கா திலகவதியார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார், பெற்றோரும் போய்விட்டார்கள், தம்பியும் வேறு சமயத்துக்குப் போனார். அந்த அம்மையார் திருவதிகையில் செய்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் வேலைப் பட்டியல்போலச் சொல்கிறார்: பொழுது விடியும் முன் அலகிட்டார் (பெருக்கினார்), சாணத்தால் மெழுகினார், பூக் கொய்து மாலை தொடுத்தார். சாணத்திலும் ஒரு கணக்கு வைக்கிறார். கன்று ஈன்ற அணுமை நீங்கிய பசுவின் சாணமாக இருக்க வேண்டுமாம். துக்கத்தில் இருந்த ஒரு பெண் அவ்வளவு நுணுக்கமாக வேலை பார்த்திருக்கிறார்.

அதனால் நடைமுறையில் சொல்வது இதுதான். ஒரு கோயில், அதில் ஒரு மூலை, மாதத்தில் ஒரு கிழமை. இந்த மூன்றையும் முடிவு செய்து ஆறு மாதம் தவறாமல் போய்ப் பாருங்கள். "எதற்காக" என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தூக்கம், பசி எல்லாம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உழவாரம் அதற்கு மாற்று அல்ல.

எந்தக் கோயிலைத் தேர்ந்தெடுப்பது?

புகழ்பெற்ற பெரிய கோயில்களுக்குப் பேருந்து வைத்துப் போகிற குழுக்கள் ஏராளம். அங்கே சம்பளத்துக்குத் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. ஒரு வேளை பூசை நடக்கிற, அர்ச்சகர் சைக்கிளில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிற சிறு கோயில் உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் நிச்சயம் இருக்கும். நடந்தோ நகரப் பேருந்திலோ போகக்கூடிய தூரமே முக்கியம். தூரம் கூடினால் மூன்றாவது மாதமே சாக்குகள் வந்துவிடும்.

அனுமதி வேண்டுமா? நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி?

வேண்டும். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடமோ அறங்காவலரிடமோ, அறங்காவலர் இல்லாத இடத்தில் துறை நியமித்த தக்காரிடமோ எழுத்தில் கேளுங்கள். துறையின் இணையதளத்திலும் உழவாரப்பணிக்குப் பதிவு செய்யும் வசதி உண்டு. கடிதத்தில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், எத்தனை பேர், எந்தப் பகுதி, என்ன வேலை, என்ன பொருள் பயன்படுத்துவீர்கள், பொறுப்பாளர் பெயரும் தொலைபேசி எண்ணும். "கோயிலைச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும்" என்று ஒற்றை வரி எழுதினால் அது மேசையிலேயே கிடக்கும். "வெளிப்பிராகாரம் தென்புறம் களையெடுப்பு, இரண்டு வடிகால் தூர்வாரல், ரசாயனம் இல்லை" என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தயக்கம் இருக்காது.

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம்போல மத்திய தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடங்களில் அந்தத் துறையின் அனுமதியில்லாமல் ஒரு புல்லைக்கூடப் பிடுங்க வேண்டாம். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நேரடியாகப் பாயும். மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள கோயில்களுக்கும் இதே கவனம் தேவை. வாசலில் தொல்லியல் துறையின் நீலப்பலகை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அர்ச்சகரிடமும் தனியாக ஒரு வார்த்தை. கருவறை, அர்த்தமண்டபம் அவர் பொறுப்பு, அங்கே நாம் நுழைவதில்லை. பிரதோஷம், கிருத்திகை, திருவிழா நாட்களையும் அவரே தள்ளிவைக்கச் சொல்வார்.

எத்தனை பேர், என்ன கருவிகள்?

தொடங்க 8 பேர் போதும். 40 பேருக்கு மேல் போனால் பாதிப்பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். 20 பேருக்கு ஒரு கணக்கு: தென்னந்துடைப்பம் 8, பூந்துடைப்பம் 4, நீளக் கழியில் கட்டிய ஒட்டடைக்கோல் 3, களைக்கொத்து 6, மண்வெட்டி 3, உழவாரம் 2, இரும்புச்சட்டி 6, வாளி 6, காலிச்சாக்கு 25, கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, முகக்கவசம், பழைய பருத்தித் துணி ஒரு மூட்டை, முதலுதவிப் பெட்டி. குடிக்க 20 லிட்டர் கேன் இரண்டு. உழவாரம் கடையில் கிடைக்காவிட்டால் உள்ளூர்க் கொல்லரிடம் சொன்னால் அடித்துத் தருவார். காம்பு உங்கள் தோள் உயரம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் குனிய வேண்டிவரும், அப்புறம் அதைச் செய்ததற்கே அர்த்தமில்லை.

கொண்டு வரக் கூடாதவை: கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா, களைக்கொல்லி மருந்து, தீப்பெட்டி. காய்ந்த புல்லைக் குவித்துக் கொளுத்துவது சுலபம்தான். அந்தச் சூட்டில் கருங்கல் பொரிந்து செதில் செதிலாக விடும்.

ஒரு காலைப்பொழுது வேலையை எப்படி வரிசைப்படுத்துவது?

காலை 6 மணிக்குள் தொடங்கி 11 மணிக்கு முடித்துவிடுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: ஒட்டடை, சுவர், தூண், கடைசியில் தரை. தரையை முதலில் கூட்டிவிட்டு ஒட்டடை அடிக்கிற குழுக்களே அதிகம், அவர்கள் அதே தரையை இருமுறை கூட்டுவார்கள்.

வெளியே களையெடுப்பில் நெருஞ்சியை முதலில் கவனியுங்கள். மஞ்சள் பூ தெரிகிறபோதே, காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு எடுத்தால் ஒரு சாக்கில் முடிந்தது. காய் முற்றி உலர்ந்துவிட்டால் துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொரு துண்டும் முள்ளோடு மண்ணில் கிடக்கும். அப்போது செடியைப் பிடுங்குவது முள்ளை விதைப்பதுபோல. வில்வம், துளசி, நந்தியாவட்டைக் கன்றுகளைக் களை என்று நினைத்துப் பிடுங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. தெரிந்தவர் ஒருவர் முன்னால் போய் அவற்றில் துணி கட்டி அடையாளம் வைக்கட்டும். தல மரத்தில் கத்தி படவே கூடாது.

எல்லாவற்றையும் விடப் பயனுள்ள வேலை எது என்று கேட்டால், வடிகால். யாரும் போட்டோ எடுக்காத வேலை. பிராகாரத்து மழைநீர் வெளியே போகும் தூம்பு இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் நீர் அடித்தளத்தோரம் தேங்கும், அஸ்திவாரத்து மண் இளகும், தளக்கல் ஒருபக்கம் இறங்கும். ஆவணியிலேயே தூர்வாரிவிடுங்கள். ஐப்பசி அடைமழை வந்தபிறகு இறங்குவது வீண். மேல்தளத்து நீர்ப்போக்கியும் அப்படித்தான், ஆனால் அங்கே ஏறுவது கோயில் பணியாளருடன் மட்டும்.

தூண்களிலும் சிலைகளிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது?

பொறுமையாக. முதலில் மேலே கெட்டிப்பட்ட குங்குமம், மெழுகு, கரி ஆகியவற்றை மூங்கில் சிம்பாலோ உடைந்த தேங்காய்ச் சிரட்டையாலோ சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். பிறகு காய்ந்த மரத்தூளோ தவிடோ அப்பி அரைமணி நேரம் விட்டால் இளகின எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அதைத் துடைத்தெடுத்த பின் அரப்புத்தூளும் சீயக்காய்த்தூளும் சரிபாதியாக வெந்நீரில் தோசைமாவுப் பதத்தில் கரைத்துப் பூசி, காய்வதற்குள், ஏறக்குறைய 20 நிமிடத்தில், தேங்காய் நாரால் வட்டமாகத் தேயுங்கள். ஒரு தூணின் அடிப்பகுதிக்கு இரண்டு கைப்பிடித் தூள் பிடிக்கும். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வாளியோடு ஊற்றினால் கல் இணைப்புகளுக்குள் அழுக்குநீர் இறங்கும்.

பல வருடத்துப் பிசுக்கு ஒரே நாளில் போகாது. மூன்று நான்கு முறை செய்தால் சிற்பத்தின் விரல்கள் தெரியத் தொடங்கும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றினால் கருங்கல் உடனே பளிச்சென்று தெரியும், ஏமாற வேண்டாம். இணைப்பில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்தை அது தின்றுவிடும். மிச்சமிருக்கும் உப்பு பின்னால் வெள்ளைப் பூவாகப் பூக்கும். அழுத்தம் கூடிய தண்ணீர்க்குழாயும் அதே தவறுதான். மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்த்ததில் பல கோயில்களில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின கதை ஊரறிந்தது.

அடித்தளத்தில் குமுதம், பட்டி எனப்படும் கல் வரிசைகளில் எழுத்து இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் அங்கே மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். சுதைச் சிற்பம், சுவர் ஓவியம் இரண்டின் மேலும் நீரோ துணியோ படக் கூடாது. ஓவியத்தின் மேல் வௌவால் எச்சம் இருந்தாலும் அது பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டியது. ஐம்பொன் உற்சவர் திருமேனியும் அர்ச்சகர் பொறுப்பே. பித்தளை விளக்கு, தாம்பாளம் மட்டும் நமக்கு. புளியும் விபூதியும் போதும். செங்கல்பொடி கீறல் விடும்.

கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஏறி வெட்டிவிடலாமா?

ஏறவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். காகமும் மைனாவும் அரசம்பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையை இடுக்கில் விடுகின்றன. வேர் உள்ளே இறங்கித் தடிக்கத் தடிக்க இணைப்பு விரியும். தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு மூன்று கிளையாக வரும். இழுத்துப் பிடுங்கினால் பாதி வேர் உள்ளே அறுந்து நிற்கும், அல்லது செங்கல்லும் சேர்ந்து வரும். தரையிலிருந்து கைக்கு எட்டுகிற, நாலைந்து இலை மட்டும் விட்ட கன்றை, மழைக்கு மறுநாள் அடியில் பிடித்து மெல்ல இழுத்தால் முழுதாக வரும். அதுவரைதான் நம் எல்லை. மேலே உள்ளதற்கு எந்தக் கோபுரம், எத்தனையாவது நிலை, எந்தப் பக்கம் என்று எழுதி, படமும் சேர்த்து அலுவலரிடம் கொடுங்கள். வேரை முழுவதும் அழித்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கத் தெரிந்த ஆட்கள் வர வேண்டும். சிமென்ட் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டுமானம் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும், சிமென்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். சுவருக்கு வண்ணம் பூசுவதும் அப்படியே நம் வேலை அல்ல.

வௌவால், பாம்பு, தேனீ?

வௌவால் எச்சத்தை உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். நீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவரை அந்த மண்டபத்துக்கு அனுப்ப வேண்டாம்.

கல் புரட்டும் முன் கழியால் தரையைத் தட்டுங்கள். கையை இடுக்குக்குள் விடவே கூடாது. பாம்பைக் கண்டால் விலகி நின்று 101க்குச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

கோபுரத்தில் மலைத்தேன் கூடு இருக்கிறதா என்று வந்ததும் அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அதன் கீழே அன்று வேலை இல்லை. புகை, சத்தம், ஒட்டடைக்கோல் மூன்றும் தேனீக்களைக் கிளப்பிவிடும்.

எனக்கு 70 வயது. சர்க்கரையும் முழங்கால்வலியும் உண்டு. வரலாமா?

வரலாம், வேலையை மாற்றிக்கொண்டு. சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கருங்கல் தரைதான் எதிரி. 10 மணி வெயிலுக்குப் பிறகு கல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கொப்புளம். களையெடுப்புப் பக்கமே போகாமல், நிழல் மண்டபத்தில் இருங்கள். திரும்பியதும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வராதீர்கள். காலையில் "வெறும் வயிற்றில் வந்தால்தான் புண்ணியம்" என்று ஒருவர் சொல்வார், கேட்காதீர்கள்.

உட்கார்ந்து செய்ய வேலை நிறைய: திரி திரிப்பது, பூத் தொடுப்பது, விளக்கு துலக்குவது, அரிசியில் கல் பொறுக்குவது, வருகைப் பதிவேடு. கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதற்கு வயதானவரே சரி. களைக்கொத்து புல்லுக்குள் தொலைந்துபோய் அடுத்தமுறை ஒரு குழந்தையின் காலில் ஏறுவது அதனால்தான் நிற்கும்.

பார்வை இல்லாதவர், நடக்கவே முடியாதவர்?

நாயன்மாரில் ஒருவரான தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையில்லாதவர். திருவாரூர்க் குளத்தைத் தூர்வார நினைத்தார். குளத்துக்குள் நட்ட ஒரு கம்பு, கரையில் நட்ட ஒரு கம்பு, நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண் வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

படுக்கையில் இருப்பவருக்கும் ஒருவர் இருக்கிறார். இன்னொரு நாயனாரான திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், கல் கல்லாக, நாள் பார்த்து. அன்றாடம் செய்யக்கூடியது வேண்டுமென்றால், குழுவினரைத் தொலைபேசியில் முந்தின நாள் மாலை அழைத்து நினைவூட்டுகிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அதைச் செய்ய ஆளில்லாமல்தான் பாதிக் குழுக்கள் கரைகின்றன.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

10 வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ அதே இடத்தில் இருக்க வேண்டும். இலை பொறுக்குவது, நந்தவனத்துக்கு நீர் ஊற்றுவது. குளத்துப் பக்கம் அறவே வேண்டாம், பாசி படிந்த படியில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கூட்டும்போது ஒரு பதிகம் சொல்லிக்கொடுத்தால் துடைப்ப ஓசையோடு மனப்பாடம் ஆகிவிடும்.

எந்தச் சாதியினரும் கலந்துகொள்ளலாமா?

இதென்ன கேள்வி என்று தோன்றலாம், ஆனால் கிராமங்களில் கேட்கிறார்கள். 1947லேயே கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. அதோடு விஷயம் முடியவில்லை. உள்ளே வந்தபின் வடிகாலுக்கு ஒரு தெருவினர், விளக்குக்கு ஒரு தெருவினர் என்று தானாகவே பிரிகிறதா என்று பொறுப்பாளர் பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கி வேலை கொடுங்கள். சோறு ஒரே பந்தியில். இதற்கு இசையாதவர் வராவிட்டால் குழு சிறுக்கும், சிறுக்கட்டும்.

மண்ணில் காசோ சிலையோ தட்டுப்பட்டால்?

மண்வெட்டியை அப்படியே நிறுத்துங்கள். கழுவ வேண்டாம், எடுத்து வைத்துக் கும்பிடவும் வேண்டாம். செயல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மறைத்தால் குற்றம். திருப்புகலூரில் அப்பரின் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றியபோது, பருக்கைக்கல்லோடு சேர்த்துக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். நாம் குளத்திலும் எறியக் கூடாது, சட்டம் ஆட்சியரிடம் கொடுக்கச் சொல்கிறது.

குழுக்கள் ஆறு மாதத்தில் கலைந்துவிடுகின்றனவே, ஏன்?

மாதம் ஒரு புதுக் கோயில் என்று சுற்றுவதால். சுற்றுலா சலித்துவிடும். இரண்டாவது காரணம் பணம். டீ-சர்ட், பேனர் என்று வசூல் தொடங்கியதும் கணக்குக் கேட்பார்கள், சண்டை வரும். துடைப்பமும் சாக்கும் பொருளாகவே கொண்டுவரட்டும், ரொக்கம் வாங்காதீர்கள். மூன்றாவது, ஒரே தலைவர். அவர் ஊருக்குப் போனால் அந்த மாதம் பணி இல்லை. சாவியும் பதிவேடும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

கூட்டிவிட்டு வந்தால் அடுத்த மாதம் அதே குப்பை. என்ன மாற்றம் வந்துவிடப் போகிறது?

அதே குப்பையா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை சாக்கு, அதில் பிளாஸ்டிக் எவ்வளவு, நெருஞ்சி எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுங்கள். காய் முற்றும் முன் பிடுங்கிய இடத்தில் அடுத்த பருவம் நெருஞ்சி குறையும். வாசலில் இரண்டு குப்பைத்தொட்டி வைத்த மாதம் கற்பூர உறைகள் குறையும். எண்ணெய் விளக்குக்கு ஒரே இடத்தில் மணல் பரப்பிய தகரத்தட்டு வைக்க அலுவலர் ஒப்புக்கொண்டால் தூண்கள் தப்பும். பதிவேட்டின் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவரிடம் அதைக் கேட்க வேண்டும். சும்மா கேட்டால் "பார்க்கலாம்" என்பார்.